மூன்று நாள் பை

மழைக்கு முந்திய மாதம்
பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று
கிராம சேவகர் சொன்னார்:
கெடாத சாப்பாடு, சமைக்கத் தேவையில்லாதது,
மூன்று நாளைக்குக் காணும்படி
ஒரு பையில் போட்டுக் கதவோரம் மாட்டுங்கள்.
சைரன் ஊதினால் பையை எடுங்கள். ஓடுங்கள்.

மூன்று நாளைக்கா, என்றாள் யோகமலர்.
சிரிக்காதீர்கள், என்றார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
எந்த மூன்று நாள் என்றுதான் கேட்டோம்:
பத்தாம் தேதிக்குப் பிந்திய மூன்றா,
முந்திய மூன்றா?

மகனுடைய பழைய புத்தகப் பை.
ஜிப் போனதால் இரண்டு ஊக்கு.
சம்பளத்தன்று லுணுகலைக்கு இறங்கி
டின்மீன் இரண்டு, கிராக்கர் நாலு பக்கெட்,
அவல், சீனி, பால்மா சின்னது,
வறுத்த கடலை, மெழுகுதிரி, உப்பு.
நஸீர் நானா பில்லைப் பார்த்து
வீட்டில் விசேஷமா என்றார்.
மலை வரப்போகுதாம், என்றேன்.
மலை சரிந்தாலும் என் கொப்பி சரியாது, என்றார்.

ஆணியில் தொங்கியது பை.
ரொட்டி தட்டும்போது பார்த்தேன்.
படுக்கும்போது பார்த்தேன்.
பணக்காரச் சொந்தம் ஒன்று வந்து
செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நிற்பதுபோல் இருந்தது.
எடுத்தால் எழுத வேண்டும் என்று
கொப்பித் தாள் ஒன்றையும் உள்ளே வைத்தேன்.

ஒக்டோபர் 14. கிராக்கர் ஒன்று. சின்னவளுக்குக் காய்ச்சல்.
ஒக்டோபர் 22. சீனி. மூக்கையா மாமா செத்த வீட்டில் தேத்தண்ணிக்கு.
ஒக்டோபர் 29. அவல். நாலு நாளாய் மழை, பேர் இல்லை.
ஒக்டோபர் 30. கடலை. பேர் இல்லை.
நவம்பர் 3. பால்மா. எழுதக் கூச்சமாய் இருக்கிறது.
தேதி தெரியாது. மெழுகுதிரி. கரண்ட் வெட்டிவிட்டார்கள்.
நவம்பர் 8. டின்மீன் ஒன்று. பிள்ளைகளின் அப்பா
கொழும்பிலிருந்து வந்தார்.
வெறும் சம்பலோடு ரொட்டி வைக்க மனம் வரவில்லை.
நவம்பர் 10. சம்பளம். நானா கழித்தது போக
கிராக்கர் ஒன்று சேர்த்தேன்.
நவம்பர் 19. அதையும் எடுத்தேன்.

ஆபத்து என்று எதைச் சொல்வது?
கிராம சேவகர் அதைச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சைரன் ஊதவில்லை.
பீலித் தண்ணீர்தான் முதலில் சொன்னது.
சாயங்காலம் கலங்கி வந்தது,
இருட்டியதும் செம்மண்ணாய்,
பிறகு நின்றது.
அது நின்ற சத்தத்தில்தான் விழித்தேன்.
பிள்ளைகளைத் தட்டி, பையைத் தோளில் போட்டு,
பக்கத்துக் காம்பராச் சுவரை இடித்து,
அவர்கள் அடுத்த சுவரை இடித்து,
நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம்.

விடிந்தபோது சீமெந்துத் தரையில்
இருபத்திரண்டு பை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவிழ்த்தோம்.
எல்லார் பையிலும் உப்பு இருந்தது.
இருபத்திரண்டு பக்கெட் உப்பு,
ஒன்றுகூட வாய் பிரிக்காமல்.
யோகமலர்தான் முதலில் சிரித்தாள்.
பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

டின்மீன் மொத்தம் மூன்று. திறக்க ஒன்றுமில்லை.
தவசியண்ணன் கவ்வாத்துக் கத்தியால் குத்தினார்,
தகரம் முயல்காதுபோல் மடங்கியது.
இருந்த கிராக்கரைப் பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுத்தோம்.
மீன்சாற்றை விரலால் வழித்தது யார் என்று
தாளில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் லொறி வந்தது. குடும்பத்துக்கு ஒரு பை:
டின்மீன் இரண்டு, கிராக்கர் நாலு,
பருப்பு, சீனி.
உப்பும் இருந்தது.
மேல் லயத்தில் தொங்கல் காம்பரா இரண்டும்
மண்ணோடு போயிருந்தன. ஆட்கள் எங்களோடு இருந்தார்கள்.
மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்,
மழை வந்தால் திரும்ப ஏறுங்கள், என்றார்கள்.

அதே ஆணி. புதுத் தாள்.
தலைப்பில் தொடக்கூடாது என்று
மகன் பெரிதாய் எழுதினான், அடியில் இரண்டு கோடு.
அதற்குக் கீழே நான் எழுதினேன்:
டிசம்பர் 1. கிராக்கர் ஒன்று.

மலை இன்னும் அங்கேயே இருக்கிறது.
பத்தாம் தேதிக்கு ஒன்பது நாள்.